எண்ணாமல் கொடுத்த அலை

பாட்டு கிட்ட வரும், தூரப் போகும். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் தொங்கல் காம்பராவில்தான் முதல் ரேடியோ வந்தது. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, பீலியில் கைகால் கழுவிக்கொண்டு வந்த பெண்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்பார்கள். இருட்டு விழுகிற நேரத்தில் பாடகரின் குரல் கிணற்றுக்குள் இறங்கியதுபோல மங்கும். சில நொடிகளில் தானாகவே மேலேறி வரும். "பேட்டரி எறங்கிருச்சி" என்று மாமா நான்கு பேட்டரிகளையும் கழற்றி அடுப்பு மேட்டில் வைப்பார். சூடேறிய பழைய பேட்டரி கொஞ்ச நேரத்துக்கு உயிர் பிடிப்பது உண்மைதான். ஆனால் பாட்டு மங்கியதற்குக் காரணம் அதுவல்ல. அதற்கான காரணம் முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது.

சூரியனின் புறஊதாக் கதிர்கள் மேல்வளிமண்டலத்து அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. அப்படி உதிரியான எலெக்ட்ரான்கள் திரண்டிருக்கும் பகுதிதான் அயனிமண்டலம். ஏறக்குறைய 10 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை நீளமுள்ள சிற்றலைகள் சாய்வாக மேலேறி அங்கே போனால், வளைந்து மறுபடியும் தரைக்கே இறங்கும். கொழும்புக்கு வடக்கே ஏக்கலவில் இருந்த ஒலிபரப்பு நிலையத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் புறப்படும் அலை, 300 கிலோமீட்டர் உயரத்தில் திரும்பினால் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி நீலகிரிப் பக்கம் விழும். இன்னும் தாழ்ந்த சாய்வில் புறப்பட்டால் 1,500 கிலோமீட்டர் தாண்டி பம்பாயைத் தொடும். கடல், மலை, எல்லைக்காவல், சுங்கம் எதுவும் இந்த வழியில் குறுக்கே வராது.

ஒரே அலை ஒரே வழியில் மட்டும் வருவதில்லை. ஒரு கதிர் ஓர் அடுக்கிலும், இன்னொன்று சற்று மேலேயும் திரும்பி, இரண்டும் ஒரே ரேடியோவுக்குள் வந்து சேரும். 41 மீட்டர் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கதிர்களும் கடந்த தூரத்தில் அரை அலைநீளம், அதாவது வெறும் இருபது மீட்டர் வித்தியாசம் இருந்தால், ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தில் இருபது மீட்டர் எம்மாத்திரம்? அயனிமண்டலம் லேசாக அசைந்தாலே போதும், பாட்டு மங்கும். இன்னும் கொஞ்சம் அசைந்தால் திரும்பி வரும்.

நம் பகுதியில் இந்த அசைவு கூடுதல். பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் இந்தியா தன் முதல் ராக்கெட் தளத்தைத் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் அமைத்தது இந்தக் கோட்டுக்கு மேலேயுள்ள வானத்தை ஆராயத்தான். சூரியன் மறைந்த பிறகு அந்தக் கோட்டை ஒட்டி அயனிமண்டலத்தின் மேலடுக்கு மேலெழும்பிக் குமிழ் குமிழாகக் கலையும். அது நடப்பதும், ஊர் முழுக்க ரேடியோ முன்னால் உட்கார்வதும் ஏறத்தாழ ஒரே நேரம். இலங்கை வானொலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நடுக்கமும் சேர்ந்தே கேட்கிறது. அது அந்த வானத்தின் குரல் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டபோது என் மகிழ்ச்சிக்கு அளவில்லை.

விளம்பரத்தைக் கேட்டுக்கொண்டால் பாட்டு இலவசம் என்ற ஏற்பாட்டை இணையம் கண்டுபிடித்ததாகப் பலரும் எண்ணுகிறார்கள். 1950 செப்டம்பர் 30இல் ரேடியோ சிலோன், அதாவது இலங்கை வானொலி, தன் வர்த்தக சேவையைத் தொடங்கியபோதே ஆசியாவின் பெரும்பகுதிக்கு அந்த ஏற்பாடு வந்துவிட்டது. அதற்கான கருவியைத் தந்தது இரண்டாம் உலகப் போர். தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைத்தலைவர் மவுண்ட்பேட்டன் 1944இல் தன் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். படையினருக்காக ரேடியோ சியாக் என்ற ஒலிபரப்பு ஆரம்பமானது. அதற்கென்று ஏக்கலவில் 100 கிலோவாட் திறனுள்ள சிற்றலைக் கருவி நிறுவப்பட்டது. போர் முடிந்து படையினர் கலைந்ததும் அத்தனை பெரிய கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் ரேடியோ சிலோன் தனித் திணைக்களமானது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிபர்ட் டொட் வர்த்தக சேவையின் பொறுப்பை ஏற்றார்.

கருவி மட்டும் இருந்தால் போதாது. 1953 குடிமதிப்பில் இலங்கையின் மக்கள்தொகை சுமார் 81 லட்சம். பக்கத்து இந்தியாவிலோ 36 கோடிப் பேர். பற்பசை விற்பவர், சவர்க்காரம் விற்பவர், புதுப்படம் வெளியிடுபவர் எல்லோருக்கும் வேண்டியது அந்த 36 கோடி. அவர்களைக் கொழும்பை நோக்கித் திருப்பியவர் இந்தியாவின் அமைச்சர் ஒருவர் என்பதுதான் இந்த வரலாற்றின் திருப்பம். 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் தரம் தாழ்ந்தவை என்று கருதி அகில இந்திய வானொலியில் அவற்றை வெகுவாகக் குறைத்தார். பாட்டு ஒலிக்கும்போது படத்தின் பெயரைச் சொல்வதும் விளம்பரமாகும் என்று நிறுத்தினார்கள். கோபப்பட்ட தயாரிப்பாளர்கள் தங்கள் பாடல்களுக்குக் கொடுத்திருந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்கள். பாட்டின் உரிமை யார் கையில் இருக்கிறதோ அவர் கதவை மூடினால், எவ்வளவு பெரிய நிலையமும் ஊமையாகிவிடும். இந்த விதியை மறந்துவிடாதீர்கள். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு வேறோர் இடத்தில் இது மறுபடியும் வரும்.

அந்த வெற்றிடத்துக்குள் 1952 டிசம்பரில் பினாகா கீத்மாலா வந்தது. சீபா நிறுவனத்தின் பற்பசைக்கான இந்திப் பாடல் வரிசை அது. நடத்தியவர் அமீன் சயானி. முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் வந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தமிழ்ப் பக்கத்தில் எஸ்.பி. மயில்வாகனன் தொடங்கி, கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று ஒரு தலைமுறையின் குரல்கள் தமிழ்நாட்டுத் தேநீர்க்கடைகளில் நடிகர்களின் குரல்களைப்போலப் பழகிப்போயின. "தமிழ்ச் சேவை இரண்டு" என்றால் போதும், மேலே விளக்கம் வேண்டியதில்லை. பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பம் என்ற நிகழ்ச்சிகள் வேலை நேரங்களுக்கே பெயராகிவிட்டிருந்தன.

அவர்களுடைய உச்சரிப்பைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதற்குப் பின்னால் ஓர் இயற்பியல் காரணமும் உண்டு என்று நான் நம்புகிறேன். சிற்றலையில் நிலையங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் இடம் குறுகியது. சுமார் 4,500 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அதில் போகாது. மனிதக் காது 20,000 வரை கேட்கும். சகரத்தின் சீறல் போன்ற, மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் பல இந்த உயரமான ஒலிகளில்தான் இருக்கின்றன. அவற்றை வெட்டிவிட்டு, மேலே இரைச்சலையும் நடுக்கத்தையும் தூவினால், சோம்பலாகப் பேசுகிறவர் பேச்சு அக்கரைக்குப் போய்ச் சேரும்போது கூழாகிவிடும். லகர, ளகர, ழகரங்களைத் தனித்தனியாக வைத்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி எடுத்துக் கொடுத்தவர்களின் குரல்தான் அந்தக் குறுகிய வாசலில் முழுசாக நுழைந்தது.

சூரியனும் கைகொடுத்தது. பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியப்புள்ளிகள் பெருகும்போது அயனிமண்டலம் தடிக்கும். சிற்றலை இன்னும் தெளிவாக, இன்னும் தூரம் போகும். 1958இல் உச்சத்தைத் தொட்ட சூரியச் சுழற்சி, பதிவுகள் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை காணாத அளவு வலிமையானது. ரேடியோ சிலோனின் பொற்காலத்து நடுவில் விழுந்தது அந்த ஆண்டு.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். பம்பாயில் கணீரென்று கேட்ட 25 மீட்டர் அலை ஹட்டனில் சரியாக விழாது. ஏக்கலவிலிருந்து எங்கள் ஊர் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. அவ்வளவு அருகில் வந்து விழவேண்டுமானால் அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலே போய்த் திரும்பவேண்டும். செங்குத்தாகப் போகும் குறுகிய அலை பெரும்பாலும் அயனிமண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். இந்த இடைவெளிக்குத் தாண்டல் வலயம் என்று பெயர். விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அதேதான். அதனால் உள்நாட்டுக்கென்று மத்திய அலையையும், வெப்பமண்டல நாடுகளுக்கு ஒதுக்கப்பட்ட 60 மீட்டர் பக்கத்துச் சிற்றலையையும் பயன்படுத்தினார்கள். நீளமான அலை செங்குத்தாகப் போனாலும் திரும்பி விழும். நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள மத்திய அலை மலை முகட்டில் வளைந்து மறுபக்கப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எங்கள் லயம் இருந்தது அப்படி ஒரு பள்ளத்தில்.

விளம்பரம் கொடுத்த எவரும் எங்களை மனதில் வைத்துக் கொடுக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப்பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியிருந்தது. பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து வேலைக்குப் போய், தோட்டத்துக் கடையில் கடன் வாங்கி, சம்பளத்தில் அது கழிந்தது போக மிஞ்சியதைக் கொண்டு வாழ்ந்தவர்களிடம் எந்தப் பற்பசையை விற்பது? 1950இல் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் லக்சபானா நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. எங்கள் மலைத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் தேயிலைக்கு மேலாகக் கம்பிகளில் கொழும்புக்குப் போனது. அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்களில் பல பத்தாண்டுகளுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. வால்வு ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும், அல்லது விலை கூடிய பெரிய பேட்டரிக் கட்டு வேண்டும். அது துரை பங்களாவுக்கும் பெரிய கிளாக்கர் வீட்டுக்கும் உரியது. டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரியிலேயே பாடக்கூடிய டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் பாட்டு லயத்துக்குள் நுழைந்தது.

நுழைந்ததும் அது எங்களுடையதாகிவிட்டது. அலையை வேலி போட்டு அடைக்க முடியாது என்பதால் அது நடந்தது. பம்பாய்க்காரர் ஒருவர் கேட்பதால் எங்களுக்கு வரவேண்டிய அலை குறைவதில்லை. நாங்கள் நூறு லயத்தில் கேட்டாலும் ஏக்கலவின் மின்கட்டணம் ஒரு சதம் ஏறுவதில்லை. கேட்பவர் ஒருவரோ ஒரு கோடியோ, செலவு ஒன்றே. அதனால் யார் கேட்கிறார்கள், அவர்களால் என்ன லாபம் என்று நிலையம் கணக்குப் பார்க்கவேண்டியதில்லை. வாங்கும் சக்தி உள்ளவருக்காகக் கட்டிய கால்வாயில் எங்களுக்கும் தண்ணீர் ஓடியது.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் அந்த நாடற்றவர்களைப் பற்றி ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரவேண்டும், மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு போட்டார்கள். ரயிலேறித் தலைமன்னார் போய், கப்பலேறி ராமேஸ்வரம் போன குடும்பங்களில் என் பெரியப்பாவின் குடும்பமும் ஒன்று. நீலகிரியின் கூடலூரில் மறுபடியும் தேயிலைதான். அங்கிருந்து கடிதம் வர நாட்கள் ஆகும். வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தில் ஒரு பெயரைப் படித்தால் மூன்று மில்லிசெகண்டில் அந்தப் பக்கமும் கேட்கும். கூடலூரில் பெரியம்மாவும் ஹட்டனில் என் அம்மாவும் ஒரே பாட்டை ஒரே கணத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசிக்கொண்டதில்லை.

ரேடியோ சிலோனின் சரிவு இந்தியாவிலிருந்து தொடங்கியது. தன் தவறை உணர்ந்த அகில இந்திய வானொலி 1957 அக்டோபரில் விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு வாசலைத் திறந்தது. 1967இல் அதே விவித பாரதி விளம்பரங்களையும் ஏற்கத் தொடங்கியது. முதலில் பம்பாய் வட்டாரத்தில், பிறகு மற்ற நகரங்களில். பம்பாய் வியாபாரிக்குப் பக்கத்திலேயே கடை திறந்துவிட்டது. அதே ஆண்டு சனவரியில் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாக மாறியிருந்தது. கேட்போர் உடனே போய்விடவில்லை. காதுகளுக்கு விசுவாசம் அதிகம். பணம்தான் முதலில் போனது. கீத்மாலாவே 1980களின் இறுதியில் விவித பாரதிக்குக் குடிபெயர்ந்தது.

மற்றவை அடுத்தடுத்து வந்தன. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டு கேசட் ரெக்கார்டர்கள் வந்தன. மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களோடு லயங்களுக்கும் வந்தன. 1982இல் பிதுருதலாகலை உச்சியிலிருந்து ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கியது. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்முறை வந்தது. அதைப் பற்றி ஒரு வரியில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கொழும்பில் தமிழில் பேசி வாழ்ந்தவர்கள் பலர் நாட்டைவிட்டே போனார்கள் என்று மட்டும் சொல்கிறேன். ராமேஸ்வரம் கப்பலும் நின்றது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி அயனிமண்டலத்தின் வேலையை எடுத்துக்கொண்டது. வானத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுதும் ஒலிபரப்பலாம் என்று 1945இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க் 1956இல் வந்து குடியேறியது இதே இலங்கையில்தான்.

1990களில் எப்.எம். நிலையங்கள் பெருகின. ஒலி பளிங்குபோல இருந்தது, நடுக்கம் போனது. ஆனால் எப்.எம். அலையின் நீளம் மூன்று மீட்டர்தான். அது நேராகப் போகும், மலையைச் சுற்றி வளையத் தெரியாது. பிதுருதலாகலையின் 2,524 மீட்டர் உயரத்து உச்சியில் கோபுரம் இருந்தாலும் சரிவுக்கு மறுபுறம் நிழல் விழும். கூடலூர் வரை அது எட்டாது. ஹட்டனும் கூடலூரும் ஒரே பாட்டைக் கேட்ட காலம் அத்தோடு முடிந்தது.

பிறகு இணையம் அந்தப் பழைய ஏற்பாட்டைப் புதிதாக எடுத்தது. 2007இல் தொடங்கிய திங்கானா என்ற இந்தியச் சேவை விளம்பரத்தை நம்பிப் பாட்டை இலவசமாகக் கொடுத்தது. 2014இல் டி-சீரிஸ் நிறுவனம் தன் பாடல்களின் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை, சேவை மூடப்பட்டது. நான் முன்னே சொன்ன விதி இதுதான்: 1950களில் தயாரிப்பாளர்கள் ஒரு நிலையத்துக்கு மூடிய கதவு ரேடியோ சிலோனை வளர்த்தது, 2014இல் மூடிய கதவு திங்கானாவை அணைத்தது. அதை வாங்கிய ஆர்டியோ அடுத்த ஆண்டே திவாலானது. 2022இல் கானா என்ற இன்னொரு இந்திய நிறுவனம் இலவசச் சேவையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. 2024இல் விங்க் மியூசிக் மூடப்பட்டது.

ஏன் இவை இவ்வளவு சீக்கிரம் களைத்துப்போகின்றன? உரிமம் ஒரு பாதிதான், மறுபாதி இயற்பியல். இணையத்தில் பாட்டு பரவுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு பிரதி அனுப்பப்படுகிறது. நொடிக்கு 128 கிலோபிட் தரத்தில் நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 3.8 மெகாபைட். ஆயிரம் பேர் கேட்டால் ஆயிரம் பிரதி, ஆயிரம் தடவை உரிமத்தொகை. கூட்டம் சேரச் சேர ரேடியோவுக்கு லாபம். இங்கே கூட்டத்தோடு செலவும் சேர்ந்து ஏறுகிறது. ஸ்பாட்டிபையின் 2023ஆம் ஆண்டுக் கணக்கில் பயனர்களில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேற்பட்டவர்கள் விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்கள். வருமானத்தில் விளம்பரத்தின் பங்கோ எட்டில் ஒன்று. சந்தா கட்டுகிறவர்கள் மற்றவர்களைச் சுமக்கிறார்கள்.

ஒவ்வொரு கேட்பவருக்கும் செலவு உண்டு என்றாகிவிட்டால், ஒவ்வொரு கேட்பவரையும் எடைபோட்டாக வேண்டும். எந்த நாடு, எந்தப் போன், எந்த விளம்பரத்தை இவருக்கு விற்கலாம், இவருக்காக உரிமம் வாங்குவது கட்டுமா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல இது. ஆனாலும் ஏக்கலவின் கருவிக்கு இந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாமல் இருந்ததை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

போன மாதம் கூடலூரிலிருந்து பெரியப்பா மகள், எனக்கு அக்கா, போனில் ஒரு பாட்டின் இணைப்பை அனுப்பினார். அம்மாவும் பெரியம்மாவும் விரும்பிக் கேட்ட பாட்டு. தொட்டதும், இந்தப் பாடல் உங்கள் நாட்டில் கிடைக்காது என்று எழுத்து வந்தது. அக்காவுக்குச் சொன்னேன். உடனே சாதாரண அழைப்பில் கூப்பிட்டார். பேரனின் போனில் பாட்டைப் போட்டு, தன் போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "கேக்குதா தம்பி?"

சாதாரணத் தொலைபேசி இணைப்பு 3,400 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியை விடாது. மழைக்காலம், பள்ளத்தில் சிக்னல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வயலின்கள் மங்கிப்போய், குரல் மட்டும் கிட்ட வந்து, தூரப் போய், மறுபடி கிட்ட வந்தது.

"கேக்குதுக்கா," என்றேன். "நல்லாக் கேக்குது."